தமிழகத்தில் கணினி – 17: எழுத்து போயிற்று, கருவி தங்கிற்று

பாலாற்றைத் தாண்டித் தெற்கே வந்தால் காஞ்சிபுரத்தின் கோபுரங்கள் கண்ணுக்கு மறைந்து செய்யாற்றுச் சீமை தொடங்குகிறது. அந்தச் சீமையில், ஒரு காலத்தில் வடஆற்காடு ஜில்லாவைச் சேர்ந்ததாயிருந்து, 1989-ஆம் ஆண்டு திருவண்ணாமலை மாவட்டம் தனியே பிரிந்தபொழுது அதனோடு சென்று, பிற்பாடு ஒரு வட்டத்தின் தலைநகர் என்னும் அந்தஸ்தையும் பெற்ற ஊர் வெம்பாக்கம். ஒரு புறம் காஞ்சிபுரம், மறுபுறம் ஆரணி என்று இரண்டு பட்டு நகரங்களுக்கு நடுவில் அகப்பட்ட பிரதேசமாதலால், நெசவும் விவசாயமும் இங்கே கலந்தே நடைபெற்று வந்திருக்கின்றன. சமீப காலமாகச் செய்யாறு சிப்காட்டின் காலணித் தொழிற்சாலைக்குப் போகும் பெண்களின் கூட்டமும் அதனோடு சேர்ந்துகொண்டிருக்கிறது. கணினியின் சரித்திரத்தில் இப்படிப்பட்ட ஊருக்கு என்ன வேலை என்று அன்பர்கள் கேட்கக்கூடும். மேசைக் கணினியின் இயங்குதளம் காலாவதியாகிவிட்டது, இனி எல்லாம் இணையத்திலேயே என்று பெருநகரங்களில் இருபது ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள். அந்தச் சொல் எவ்வளவு தூரம் மெய், எந்த இடத்தில் பொய் என்பதைப் பரீட்சித்துப் பார்ப்பதற்கு மாநகரத்து அலுவலகங்களைவிடப் பட்டுத்தறியும் தாலுகா காரியாலயமும் உள்ள சிற்றூரே உகந்த இடம் என்பது என் அபிப்பிராயம்.

சென்ற இதழில் நாம் 1995-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் வந்து நின்றோம். அம்மாதம் 15-ஆம் தேதி விதேஷ் சஞ்சார் நிகம் ஸ்தாபனம் சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில் பொதுமக்களுக்கு இணையத் தொடர்பை வழங்கத் தொடங்கிற்று. 24-ஆம் தேதி மைக்ரோசாஃப்ட் கம்பெனி தனது விண்டோஸ் 95 என்னும் இயங்குதளத்தை அமெரிக்காவில் வெளியிட்டது. இரண்டுக்கும் இடையே ஒன்பது நாள். பிற்காலத்தில் ஒன்றை ஒன்று விழுங்கப் பார்க்கப்போகும் இரண்டு சக்திகள் ஏறத்தாழ ஒரே வாரத்தில் நம் நாட்டு வாசகர்களின் செவிக்கு எட்டின என்றாலும், அன்று அதைக் கவனித்தவர் மிகச் சிலரே. சென்னை ரிச்சி தெருவில் பாகம் பாகமாக வாங்கிப் பூட்டிய கணினியில் கடைக்காரரே விண்டோஸைப் போட்டுக் கொடுப்பதும், அதற்கு உரிமம் உண்டா என்று யாரும் விசாரியாததும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வைரஸ் புகுந்து ‘ஃபார்மட் அடிக்க’ நேர்வதும் சகஜமாயிருந்த காலம் அது. கணினி வாங்குவதென்றால் அக்காலத்தார் மனத்தில் விண்டோஸ் வாங்குவதுதான். இயங்குதளம் வேறு, யந்திரம் வேறு என்னும் பேதமே பெரும்பாலோர்க்குத் தோன்றியதில்லை.

அந்த நாளில் இயங்குதளத்துக்கு இருந்த மகத்துவத்தை உணர வேண்டுமானால் தமிழ் எழுத்துப் பட்ட பாட்டைப் பார்க்க வேண்டும். விண்டோஸுக்கு அப்பொழுது தமிழ் தெரியாது. ஆகையால் தமிழில் எழுத விரும்பியவர்கள் ஆங்கில எழுத்துகளுக்கு உரிய இடங்களில் தமிழ் உருவங்களைப் பொதிந்து எழுத்துருக்களைத் தயாரித்துக்கொண்டார்கள். சுவிட்சர்லாந்தில் வசித்த விஞ்ஞானி கு. கல்யாணசுந்தரம் உருவாக்கிய ‘மயிலை’, மலேசியாவின் முத்து நெடுமாறன் அளித்த ‘முரசு அஞ்சல்’, இலங்கைத் தமிழர்களிடையே பரவிய ‘பாமினி’, தமிழக அரசு காரியாலயங்களில் பிரசித்தி பெற்ற ‘வானவில்’ என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு ஏற்பாடு. ஒன்றில் ‘க’ இருக்கும் ஸ்தானத்தில் மற்றொன்றில் ‘து’ இருக்கலாம். பத்திரிகைகள் இணையத்தில் பிரவேசித்தபொழுது நிலைமை இன்னும் விசித்திரமாயிற்று. ஒவ்வொரு பத்திரிகையும் தனக்கென்று ஓர் எழுத்துருவை வைத்துக்கொண்டு, ‘படிக்க இயலவில்லையெனில் இதனைத் தரவிறக்கிக்கொள்க’ என்று முகப்பில் ஒரு வரி எழுதி வைக்கும். வாசகரும் அதை இறக்கி, சி டிரைவைத் திறந்து, விண்டோஸ் என்னும் கோப்புறைக்குள் ஃபாண்ட்ஸ் என்னும் கோப்புறையில் அதைக் கொண்டுபோய் இட்டு, கணினியை அணைத்து மறுபடி ஏற்றி, அதன் பிறகே அன்றைய செய்தியைப் படிக்க வேண்டும். நெட் சென்டரில் மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து உட்கார்ந்தவர்க்கு இந்தச் சடங்கிலேயே பாதி நேரம் கழிந்துவிடும். ஒரு கணினியில் அடித்த மனு மற்றொரு கணினியில் திறந்தால் கேள்விக்குறியும் ஆங்கில எழுத்தும் அடைப்புக்குறியுமாகக் காட்சி தரும்; தட்டச்சு செய்தவரையே கையோடு கூட்டிப்போகாத குறைதான்.

எழுத்து என்பது இவ்வாறு மேசைக் கணினியின் உள்ளறையில் சிறைப்பட்டிருந்தது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், பிற்பாடு நிகழ்ந்த மாறுதலின் பெருமை விளங்கும். 1999-ஆம் ஆண்டு பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழ்நெட் மாநாட்டின் பயனாகத் தமிழக அரசு டாம், டாப் என்னும் இரண்டு குறியீட்டு முறைகளையும் தமிழ்99 என்னும் விசைப்பலகையையும் அங்கீகரித்தது. அதற்கு முன்னரே உலகெங்கும் சிதறியிருந்த தமிழ் ஆர்வலர்கள் கூடி திஸ்கி என்னும் குறியீட்டை வகுத்திருந்தார்கள்; 1998-இல் கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் இலக்கிய நூல்கள் பல அக்குறியீட்டிலேயே வெளிவந்தன. இவையெல்லாம் நல்ல முயற்சிகளே; எனினும் சிறைக்குள் ஒழுங்கை ஏற்படுத்தினவேயன்றிச் சிறையைத் திறக்கவில்லை. திறந்தது யூனிகோடு. உலக மொழிகளின் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரே ஒரு எண், அதுவும் எல்லா யந்திரங்களுக்கும் பொதுவான எண் என்பது அதன் தத்துவம். விண்டோஸ் 2000 பதிப்பில் ‘லதா’ என்னும் எழுத்துருவோடு தமிழ் இயங்குதளத்துக்குள்ளேயே இடம் பெற்றது. அரசு காரியாலயங்கள் வானவில்லை விட்டு வர நெடுநாளாயிற்று. 2010 ஜூனில், கோவையில் செம்மொழி மாநாடு நடந்த சமயத்தில்தான், யூனிகோடும் டேஸ்16 என்னும் முறையும் தமிழக அரசின் தரங்களாக ஆணை பெற்றன. அதற்குள் உலாவிகள் வேறொரு சாமர்த்தியத்தையும் கற்றுக்கொண்டிருந்தன: பக்கத்தோடு கூடவே அதற்குரிய எழுத்துருவும் வந்து இறங்கும், படிப்பவரின் கணினியில் அது முன்கூட்டி இருக்க வேண்டிய அவசியமே இல்லை. லினக்ஸா, விண்டோஸா, மாக்கா, கைப்பேசியா என்ற விசாரணையின்றி எழுத்து எங்கும் சென்று நிற்கலாயிற்று. தமிழனைப் பொறுத்தவரை இயங்குதளத்தின் ஏகாதிபத்தியம் முதலில் தளர்ந்தது இங்கேதான் என்று நான் கருதுகிறேன்.

அமெரிக்காவில் அது வேறு வழியில் தளர்ந்தது. 1994-இல் நெட்ஸ்கேப் உலாவி வெளிவந்தவுடனேயே, இனி வேலைகள் யாவும் உலாவிக்குள் நடக்குமானால் அதன் அடியில் எந்த இயங்குதளம் கிடந்தால் என்ன என்னும் கேள்வி எழுந்தது. அக்கேள்வியின் அபாயத்தை எல்லோரையும்விட நன்றாக உணர்ந்தது மைக்ரோசாஃப்ட். தனது இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரை விண்டோஸோடு பிணைத்து இலவசமாகக் கொடுத்ததும், அதன்பேரில் 1998-இல் அமெரிக்க அரசு வழக்குத் தொடுத்ததும், 2000 ஜூனில் கம்பெனியை இரண்டாகப் பிளக்கும்படி நீதிபதி உத்தரவிட்டதும், மறு ஆண்டே மேல்நீதிமன்றம் அவ்வுத்தரவை ரத்துச் செய்ததும் பிரசித்தமான சங்கதிகள். வழக்கில் கம்பெனி தப்பியது. ஆனால் கேள்வி தப்பிப் போகவில்லை. 2004 ஏப்ரலில் வந்த ஜிமெயில், அஞ்சலுக்குத் தனி மென்பொருள் வேண்டாம் என்பதைச் சாமானியர்க்கும் காட்டிற்று. 2005-இல் ஸோஹோ ரைட்டர் என்னும் எழுதுகருவி உலாவிக்குள்ளேயே இயங்கும் வண்ணம் வெளிவந்தது. கூகுளின் டாக்ஸ் அதற்கு அடுத்த ஆண்டு வந்ததுதான். 1996-இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கிச் சென்னைப் பொறியாளர்களைக் கொண்டே வளர்ந்த ஸோஹோ ஸ்தாபனம், பின்னாளில் தென்காசிச் சீமையிலும் காரியாலயம் அமைத்தது. 2008 செப்டம்பரில் குரோம் உலாவியை வெளியிட்ட கூகுள், மறு ஆண்டு ஜூலையில், உலாவியையே இயங்குதளமாக்கும் குரோம் ஓ.எஸ். திட்டத்தை அறிவித்தது, இவ்விரண்டு முயற்சிகளுக்கும் முன்னின்றவர் மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சை. இதைச் சொல்லி மார் தட்டிக்கொள்வதற்கு அடியேனுக்கு விருப்பமில்லை. மேசைக் கணினியின் அதிகாரத்தைக் குறைத்த கைகளுள் தமிழர் கைகளும் இருந்தன என்ற செய்தி சரித்திரத்தில் பதிய வேண்டும், அவ்வளவே.

இதே வருஷங்களில் நம் மாநிலத்தில் வேறொரு யுத்தம் நடந்துகொண்டிருந்தது. எல்காட் எனப்படும் தமிழ்நாடு மின்னணு நிறுவனத்தின் நிர்வாக இயக்குநராக சி. உமாசங்கர் இருந்த காலத்தில், விண்டோஸை ஒழித்து சூசே லினக்ஸை அந்நிறுவனத்திலும் அரசுக் கொள்முதலிலும் புகுத்தும் முயற்சி தீவிரமாக நடந்தது. சென்னையிலுள்ள சீ-டாக் நிலையம் டெபியன் லினக்ஸை ஆதாரமாகக் கொண்டு ‘பாஸ்’ என்னும் பாரத இயங்குதளத்தை உருவாக்கி 2007-இல் வெளியிட்டது, குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தின் ஏயூ-கேபிசி ஆராய்ச்சி மையமும் அதே நிலையமும் சேர்ந்து கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய மையத்தை நடத்திவந்தன. பிறகு 2011-இல், மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் மாபெரும் திட்டத்தை முதலமைச்சர் ஜெயலலிதா தொடங்கியபொழுது, முதலில் வெளியிட்ட டெண்டரில் லினக்ஸ் மட்டுமே கேட்கப்பட்டிருந்து, பின்னர் அது திருத்தப்பட்டு, விண்டோஸும் பாஸ் லினக்ஸும் அருகருகே நிறுவிய யந்திரங்களே பிள்ளைகளின் கைக்கு வந்தன. வெம்பாக்கத்துப் பள்ளிப் பிள்ளைக்கு முதன்முதலாக இரண்டு இயங்குதளங்களில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளும் பாக்கியம் கிட்டிய தருணம் அது. யந்திரத்தை ஏற்றியவுடன் கறுப்புத் திரையில் இரண்டு பெயர்கள் தோன்றும், அம்புக்குறி விசையால் ஒன்றைத் தொட்டு என்டர் அழுத்த வேண்டும்.

பிள்ளைகள் தொட்டது பெரும்பாலும் விண்டோஸைத்தான் என்பது ஊரறிந்த விஷயம். லினக்ஸுக்குரிய பாகத்தை அழித்துவிட்டு அவ்விடத்தில் சினிமாப் படங்களை ஏற்றிக் கொடுப்பது ரிப்பேர் கடைக்காரர்களுக்குச் சில்லறை வருமானமாகவும் இருந்தது. கேரளத்தில் பள்ளிப் பாடத்திலேயே லினக்ஸைச் சேர்த்து, பத்தாம் வகுப்புத் தேர்வையும் அதிலேயே நடத்தியபடியால் அது வேரூன்றிற்று. இங்கே யந்திரத்தைக் கொடுத்தோம், வாத்தியாரையும் பரீட்சையையும் கொடுக்கவில்லை. இது ஒரு காரணம். மற்றொரு காரணம் இன்னும் ஆழமானது என்று எனக்குத் தோன்றுகிறது: அந்தப் பிள்ளை விண்டோஸையும் விரும்பி எடுத்துக்கொள்ளவில்லை. ஏற்றியவுடன் அதன் கண் தேடியது உலாவியை. உலாவியைத் திறந்த பிறகு அடியில் என்ன கிடக்கிறது என்பதை அது நினைத்ததே இல்லை. இரு கட்சிகளும் ஒரு கோட்டைக்காக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபொழுதே குடிகள் கோட்டையை விட்டு வெளியேறி ஆற்றங்கரையில் சந்தை கூடிவிட்டார்கள். 2016 செப்டம்பரில் ஜியோ வந்து, கைப்பேசியில் இணையம் மலிந்த பிறகு அந்தச் சந்தை இன்னும் பெரிதாயிற்று. 2025-26 வரவு செலவுத் திட்டத்தில் கல்லூரி மாணவர் 20 லட்சம் பேருக்கு மடிக்கணினி அல்லது கைக்கணினி, எது வேண்டுமோ அதைக் கொடுப்பதாக அரசு அறிவித்தபொழுது, உள்ளே எந்த இயங்குதளம் என்பதைப் பற்றி முந்தைய காலத்து ஆவேசத்தோடு யாரும் வாதிட்டதாகத் தெரியவில்லை.

அரசாங்கமும் சந்தைக்குப் பின்னாலேயே சென்றது. பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வரும் காலையில் நெட் சென்டர் வாசலில் பதிவெண்ணை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு நின்ற கூட்டம் அதன் முதல் அறிகுறி. பட்டாவும் சிட்டாவும் இணையத்தில் கிடைக்கலாயின. 2018 பிப்ரவரியில் பத்திரப் பதிவு ஸ்டார் 2.0 என்னும் மென்பொருளின் வழியே முழுதும் இணையத்துக்கு மாறியது. அதே ஆண்டு பொறியியல் கலந்தாய்வு, அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் பெற்றோரும் பிள்ளையும் மூட்டையோடு வந்து காத்திருக்கும் வழக்கத்தை விட்டு, இணையத்துக்குச் சென்றது. இ-சேவை மையத்தில் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் திரையில் நாள் முழுதும் திறந்திருப்பது உலாவி ஒன்றே. இவ்வளவும் பார்த்தால் இயங்குதளத்தின் கதை முடிந்தது என்றே எண்ணத் தோன்றும்.

ஆனால் அந்த மேசைக்கு ஓய்வூதியம் பெறும் முதியவர் ஒருவர் வந்து, தாம் உயிரோடிருப்பதை நிரூபிக்கும் ‘ஜீவன் பிரமாண்’ சான்றுக்காக விரலை நீட்டட்டும்; நிலைமை வேறாகிறது. 2014 நவம்பரில் தொடங்கிய இச்சேவைக்குக் கைரேகை வேண்டும். ரேகையை எடுக்கும் கருவி தீப்பெட்டியளவில் மேசையின்மேல் இருக்கிறது. அதிலிருந்து ஒரு யு.எஸ்.பி. கம்பி கணினிக்குள் செல்கிறது. அந்தக் கருவி இன்னதென்று கணினிக்குத் தெரிய வேண்டுமானால் அதற்குரிய டிரைவர் இயங்குதளத்தில் நிறுவப்பட்டிருக்க வேண்டும். 2017 முதல் ஆதார் ஆணையம் இன்னொரு நிபந்தனையும் விதித்தது: ரேகை வெளியே கசியாதபடி, கருவிக்குரிய ஆர்.டி. சர்வீஸ் என்னும் மென்பொருள் கணினியிலேயே சதா ஓடிக்கொண்டிருந்து, ரேகையைப் பூட்டியே அனுப்ப வேண்டும். உலாவியில் நடக்கும் சேவையானாலும், அந்தப் பக்கம் அதே கணினிக்குள் 11100 முதல் 11120 வரை எண்ணிட்ட வாசல்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, எதிலாவது ஆர்.டி. சர்வீஸ் பதில் சொல்கிறதா என்று விசாரிக்கும். பதில் வந்தால் கருவியில் வெளிச்சம் எரியும். முதியவர் கட்டைவிரலை அழுத்துவார். உழைத்துத் தேய்ந்த ரேகையாயிருந்தால் ஆள்காட்டி விரல், மோதிர விரல் என்று வரிசையாக முயல வேண்டியிருக்கும். பதில் வராவிட்டால் இணையம் எவ்வளவு வேகமாயிருந்தும் பிரயோஜனமில்லை. முந்தின இரவு விண்டோஸ் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டதில் டிரைவர் செத்துப்போயிருக்கும். ‘சார், நாளைக்கு வாங்க’ என்று அந்தப் பெண் சொல்வாள்.

தாசில்தாரின் மின்கையொப்பமும் இவ்வகையைச் சேர்ந்ததே. கையொப்பச் சாவி அடங்கிய சிறு டோக்கனைக் கணினியில் செருகி, ரகசிய எண்ணை அடித்தால்தான் சான்றிதழ் நகரும். முன்பு இதனை உலாவிக்குள் ஓடும் ஜாவா துணுக்குகளே செய்துவந்தன. பாதுகாப்புக் கருதி 2015 செப்டம்பரில் குரோம் உலாவி அவ்வகைச் செருகல்களை அறவே நீக்கிவிட்டபடியால், கையொப்பத்துக்கென்று தனி மென்பொருளை இயங்குதளத்தில் நிறுவ வேண்டியதாயிற்று. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரிலேயே திறக்கும்படி கட்டிய அரசு வலைத்தளங்களின் பொருட்டு அந்தப் பழைய உலாவியைப் பல காரியாலயங்கள் அது 2022 ஜூனில் ஓய்வு பெறும் வரையில் கட்டிக்காத்தன. இதில் ஒரு வேடிக்கை உண்டு. இணையம் தன்னைப் பத்திரப்படுத்திக்கொள்ளும் பொருட்டு யந்திரத்தைத் தொடும் உரிமையை ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்தது. விட்ட உரிமையெல்லாம் மீண்டும் இயங்குதளத்தின் கணக்கிலேயே வரவு வைக்கப்பட்டது.

பட்டுக்கு வருவோம். விஷயம் இங்கேதான் முற்றித் திரள்கிறது.

சேலையின் கரையிலும் முந்தியிலும் அன்னமும் யாளியும் மாங்காயும் விழ வேண்டுமானால், ஒவ்வொரு ஊடை ஓடும்பொழுதும் பாவில் எந்த இழைகள் மேலே எழ வேண்டும், எவை கீழே கிடக்க வேண்டும் என்பதை யாராவது தறிக்குச் சொல்ல வேண்டும். காஞ்சிபுரத்துப் பழைய நெசவில் ‘அடை’ என்னும் நூல்கட்டு அந்த ஞாபகத்தைத் தாங்கி நின்றது. பிரான்ஸ் தேசத்து லியோன் நகரத்தில் ஜோசஃப் மரீ ஜக்கார் 1804-இல் நிறைவேற்றிய யந்திரம், ஞாபகத்தை நூலிலிருந்து அட்டைக்கு மாற்றிற்று: துளை இருந்தால் ஊசி உள்ளே போகும், இழை எழும், துளை இல்லையேல் இழை கிடக்கும். இந்தத் துளையட்டையைப் பார்த்தே இங்கிலாந்தில் பாபேஜ் தமது கணிப்பு யந்திரத்தைக் கற்பனை செய்தார், அமெரிக்காவில் ஹாலரித் 1890-ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கை அட்டைகளைக் கொண்டே முடித்தார், ஐ.பி.எம். கம்பெனி அந்தக் கொடியில் வந்ததே. கணினியின் பூர்விகத்தில் தறிக்குப் பங்குண்டு என்பதால், ஆரணியிலோ வெம்பாக்கத்திலோ தறிக்குக் கணினி வந்ததை ஒரு நூதனமென்று சொல்வதற்கில்லை.

டிசைன் போடுபவர் முன்னெல்லாம் கிராஃப் தாளில் உட்கார்ந்து ஒவ்வொரு கட்டமாகச் சாயம் நிரப்புவார். குறுக்கே உள்ள கட்டங்கள் ஜக்கார்டின் ஊக்குகளைக் குறிக்கும். 240 ஊக்கு யந்திரமானால் 240 கட்டம். நெடுக உள்ளவை ஊடைகள். நானூறு ஊடையில் முடியும் ஒரு மாங்காய்க்கு நானூறு வரி, நானூறு அட்டை. பிறகு அட்டை குத்துபவர் தாளை எதிரே நிறுத்தி, வரி வரியாக வாசித்துத் துளையிட்டு, வரிசை பிசகாமல் கயிற்றால் கோத்துத் தறியின் தலைமேல் தொங்கவிடுவார். ஒரே ஒரு துளை பிசகினாலும் சேலையில் மாங்காய்தோறும் அதே இடத்தில் ஒரு புள்ளி விழும். வாங்க வந்த அம்மாள் அதைத்தான் முதலில் பார்ப்பாள். கணினி வந்த பிறகு, படத்தின் அகலத்தை 240 புள்ளியென்று நிர்ணயித்துக்கொண்டு திரையிலேயே வரையலாம். கட்டு விழாமல் மிதக்கும் ஜரிகை எங்கே நீளுகிறது என்பதை மென்பொருளே சிவப்பாகக் காட்டும். முடித்த கோப்பைக் கணினியோடு பிணைத்த அட்டை குத்தும் யந்திரத்துக்கு அனுப்பிவிடலாம். எலக்ட்ரானிக் ஜக்கார்டு வைத்திருப்பவர்க்கு அட்டையே வேண்டாம். பென் டிரைவில் கோப்பைக் கொண்டுபோய்ச் செருகினால் போதும்.

இந்த வேலை எந்த உலாவிக்குள்ளும் நடப்பதில்லை. டிசைன் மென்பொருள் விண்டோஸுக்கென்றே எழுதப்பட்டது. கள்ளப் பிரதியைத் தடுக்க அதற்கு ஒரு டாங்கிள், அதாவது கணினியின் பின்புறத்தில் செருகியிருந்தால்தான் திறக்கும் வன்பொருட் பூட்டு. அட்டை குத்தும் பழைய யந்திரத்துக்கோ பிரிண்டருக்கு உரிய அகலமான எல்.பி.டி. வாசல் வேண்டும், புதிய மதர்போர்டுகளில் அந்த வாசலே கிடையாது. ஆகவே விண்டோஸ் எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரல் 8-ஆம் தேதி ஆதரவை நிறுத்திய பிறகும், இத்தகைய தொழிற்கூடங்களில் எக்ஸ்பி சாகவில்லை. அதற்கு இணையத் தொடர்பைத் துண்டித்துவிட்டு, வைரஸுக்குப் பயந்து வெளியார் பென் டிரைவையும் விலக்கி, மூலையில் தனியே வைத்து உழைப்பிப்பது ஒரு சம்பிரதாயமாயிற்று. சேலைப் படத்தை வாட்ஸ்அப்பில் வாங்குவதற்கும் நூலுக்குப் பணம் அனுப்புவதற்கும் கைப்பேசி. அன்னம் போடுவதற்கு எக்ஸ்பி. நவீனர்கள் இதைப் பார்த்துச் சிரிக்கலாம். உற்பத்தி நிற்காமல் இருக்க வேண்டிய கூடத்தில், ஓடுகிற யந்திரத்தைத் தொடாதே என்பதுதான் விவேகம் என்று எனக்குப் படுகிறது. பெரிய ஆஸ்பத்திரிகளின் ஸ்கேன் யந்திரங்களுக்குப் பின்னால் இருந்த கணினிகளும் நெடுங்காலம் இதே நியாயத்தின்படிதான் நடத்தப்பட்டன.

ஜவுளி வியாபாரியின் நிலை இரண்டுக்கும் நடுவில் உள்ளது. 2017 ஜூலை 1-ஆம் தேதி ஜி.எஸ்.டி. வந்ததிலிருந்து அவர் கணக்கு முழுதும் இணையத்தில் ஒப்படைக்கப்படுகிறது. ஆயினும் கணக்கு எழுதப்படுவது பெங்களூரில் பிறந்த டாலியில், அது விண்டோஸில். மாதக் கடைசியில் ஆடிட்டர் அலுவலகத்துப் பையன் ஒரு கோப்பை இதிலிருந்து எடுத்து அதில் ஏற்றுகிறான். இதற்குமேல் இவ்விஷயத்தில் சொல்வதற்கு ஒன்றுமில்லை.

இப்பொழுது இன்னொரு கணக்கு தீர்க்கும் காலம் வந்திருக்கிறது. 2025 அக்டோபர் 14-ஆம் தேதி விண்டோஸ் 10-க்கும் ஆதரவு நின்றது. அதற்கு அடுத்த விண்டோஸ் 11, டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும் ஏறத்தாழ 2018-க்குப் பிந்திய பிராசசரும் இல்லாத யந்திரத்தில் முறைப்படி ஏறாது. உலாவி மட்டுமே வேண்டியவர்க்கு இது பெரிய கஷ்டமன்று: பழைய யந்திரத்தில் லினக்ஸ் மின்ட்டையோ குரோம் ஓ.எஸ். ஃப்ளெக்ஸையோ போட்டுவிட்டால், மின்கட்டணமும் பட்டாவும் யூடியூபும் முன்போலவே நடக்கும். பள்ளிப் பிள்ளை வித்தியாசத்தையே கவனியாது. உமாசங்கர் காலத்தில் சண்டையிட்டும் கிட்டாத மாறுதல் இன்று சண்டையின்றியே கைகூடும் போலிருக்கிறது. கஷ்டம் கருவி வைத்திருப்பவர்க்கே. ஜீவன் பிரமாணுக்கு 2021 முதல் ஆண்ட்ராய்டு கைப்பேசியில் முகத்தைக் காட்டியே சான்று பெறும் வழி பிறந்திருப்பதால், கைரேகைக் கருவி மேசையிலிருந்து மெல்ல நகரக்கூடும். டிசைன் கூடத்துக்கு அத்தகைய மாற்று ஒன்று மத்திய அரசின் டிஜிட்டல் இந்தியா கார்ப்பரேஷன் தயாரித்த ‘டிஜிபுனை’. ஜக்கார்டு நெசவுக்கென்றே எழுதிய திறந்த மூல மென்பொருள், டாங்கிள் கேட்காதது, லினக்ஸிலும் இயங்குவது. எனினும் பத்து வருஷமாக ஒரு மென்பொருளின் விசைகளில் விரல் பழகிப்போன டிசைனருக்கு, சேர்த்து வைத்திருக்கும் நூற்றுக்கணக்கான பழைய கோப்புகள் புதியதில் பிசகின்றித் திறக்குமா, தம்முடைய அட்டை யந்திரத்தோடு அது பேசுமா என்னும் இரண்டு கேள்விகளுக்கு விடை கிடைத்தாலன்றி அவர் பழையதை விட மாட்டார். விடச் சொல்வதும் நியாயமன்று.

செருகுகம்பியே இல்லாமல் கருவிகளை ஆளக் கற்றுக்கொண்ட ஆண்ட்ராய்டு, தமிழகத்துச் சிற்றூர்களில் புகுந்த வரலாற்றை அடுத்த இதழில் காண்போம்.